ஃபிட்டர் இளவழகனும் ஒரு வட்டக் காந்தமும்

ஃபிட்டர் இளவழகன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வட்டக் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கரண்டு அட்டை, கேஸ் ரசீது, டாக்டர் சீட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவன் மனைவி செந்தாமரை அதற்கடியில்தான் செருகுவாள். நல்ல பிடிமானம் என்று மெச்சிக்கொள்வாள். நாலு வருஷமாக இளவழகன் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்ததில்லை. கேட்டால், பானைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லது என்பான். உடம்பாவது நல்லதாவது, அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் போக அவனுக்குக் கூசியது. அவ்வளவுதான் விஷயம்.

அவனை ஏதோ ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா ஆயுசு முழுக்க ஊரார் வயலில் வரப்பு வெட்டி, நாற்று சுமந்தவர். மகனுக்குச் சேறு வேண்டாம் என்று தஞ்சாவூர் ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார். படிப்பு முடிந்த கையோடு திருவையாற்றுக்கு வெளியே இருந்த நூல் மில்லில் வேலைக்குப் போனவன், இருபத்து மூணு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று காதை லேசாகச் சாய்ப்பான், எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். இளவழகன் கை வைத்தால் ஓடும் என்று மில் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆளைக் கவிழ்த்ததும் அந்தப் பேச்சுதான்.

மில்லில் டிரா பிரேம் என்று ஒரு மெஷின். பஞ்சைக் கயிறு மாதிரி நீளத் திரியாக்கி அனுப்புவார்கள். அந்தத் திரிகளை இரும்பு உருளைகளுக்கு நடுவே இழுத்து ஒரே சீராக்குவது இதன் வேலை. சில நேரம் பஞ்சு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அப்போது மேல்மூடியைத் தூக்கிக் கையால் பிய்த்து எடுக்க வேண்டும். உருளை சுற்றும்போது கையை விட்டால் விரல் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்காகத்தான் மூடிக்கு உள்பக்கம் ஒரு காந்தமும், அதற்கு நேர் எதிரே சட்டத்தில் ஒரு ஸ்விட்சும் வைத்திருக்கிறார்கள். மூடி திறந்தால் காந்தம் விலகும், கண் மூடித் திறப்பதற்குள் மெஷின் தானாக நின்றுவிடும்.

அந்த மெஷினை ஓட்ட அம்சம் என்கிற பெண் வேலைக்குச் சேர்ந்த நாளில் இதைச் சொல்லிக்கொடுத்தவனும் இளவழகன்தான்.

"மூடியத் தூக்குனா போதும். நீ பட்டனைக்கூடத் தேட வேணாம், அதுவா நின்னுரும். தைரியமா கைய விடு."

ஏழு வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள். மூடியைத் தூக்குவது, கையை விடுவது, இரண்டும் சேர்ந்து ஒரே வேலையாகிப்போயிற்று.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு சூடு பிடித்திருந்தது. நடவு வந்தால் மில் பாதி காலி. கூலியும் கூட, ஊரோடு சேர்ந்து பேசிச் சிரித்துக்கொண்டு செய்கிற வேலை, யார்தான் போகமாட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தலையில் இரண்டு மெஷினுக்குப் பதில் மூணு. அம்சம் பார்த்த மூணில் ஒன்று சும்மா சும்மா நின்றது. மூடி அதிர்ந்து அதிர்ந்து ஸ்விட்ச் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, மூடியிருக்கும்போதே திறந்ததாக நினைத்துக்கொண்டு மெஷின் நின்றுவிடும். அவள் ஓடி வந்து ஓட்டுவாள். அது மறுபடி நிற்கும்.

"அரை மணி நேரம் நிப்பாட்டினா சரி பண்ணிருவேன் சார்," என்று மேனேஜரிடம் சொன்னான் இளவழகன்.

"நடவு முடியட்டும்யா. ஆளே இல்லாதப்ப அரை மணி நேரத்துக்கு எங்க போறது? நீ நினைச்சா ஓட்டிருவ."

நீ நினைச்சா. அந்த இரண்டு சொல்லில் மனுஷன் குளிர்ந்துபோனான். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தான், நேராக ஸ்விட்சின் மேலேயே ஒட்டினான். இனி மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்விட்சுக்கு ஒன்றுதான். மெஷின் நிற்கவே நிற்காது. மேனேஜர் அவன் முதுகில் தட்டி, மூளைக்காரன்யா நீ என்றார். இளவழகன் அன்று மத்தியானம் இரண்டு வடை கூடத் தின்றான்.

அம்சத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நினைத்தது நிஜம். அந்தப் பக்கம் போனபோது அவள் கடைசி மெஷினில் இருந்தாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மறுநாளும் அப்புறம். அதற்கு மறுநாளும் அப்புறம்.

மூணு நாள் அந்த மெஷினில் பஞ்சு சுற்றவில்லை. நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சுற்றியது, அம்சம் அந்த மூடியைத் தூக்கினாள், கையை விட்டாள். சுற்றியிருந்த பத்து மெஷின் சத்தத்தில் ஒரு மெஷின் நிற்காதது காதில் விழாது. வேகமாகச் சுற்றுகிற வழுவழு உருளை பார்வைக்கு நின்றது போலவே இருக்கும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன.

அலறல் கேட்டு இளவழகன் ஓடி வந்தான். அதற்குள் யாரோ சிவப்புப் பட்டனை அமுக்கியிருந்தார்கள். அம்சம் தரையில் சரிந்து கிடந்தாள். இங்கேதான் அவன் வாழ்நாளில் மறக்கமுடியாத காரியம் நடந்தது. அவன் கை முதலில் போனது அவளிடம் இல்லை. ஸ்விட்சின் மேலிருந்த காந்தத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டது. அதற்குப் பிறகுதான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையைச் சுற்றினான். இரண்டுக்கும் நடுவே மூணு நொடி இருக்குமா? இருக்கும். அந்த மூணு நொடியை அவன் நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறான், தூ என்று தன்னையே துப்பிக்கொள்கிறான்.

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஸ்விட்சைச் சரியான இடத்துக்கு நகர்த்தி நட்டை இறுக்கினான். அரை மணி நேர வேலை. சரியாக அரை மணி நேரம்தான் ஆயிற்று.

சாயங்காலம் மில்லில் விசாரணை. மூடியைத் தூக்கினார்கள், மெஷின் நின்றது. பத்து தடவை தூக்கினார்கள், பத்து தடவையும் நின்றது. தானாக நிற்கும் ஏற்பாட்டில் குறை இல்லை, தொழிலாளி அவசரத்தில் கையை விட்டிருக்கிறார் என்று எழுதினார்கள். மேனேஜர் இளவழகன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே ஃபிட்டர் கையெழுத்து என்ற இடத்தில் இளவழகன் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டான். துவைக்க எடுத்த செந்தாமரை பையில் இருந்த காந்தத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தூக்கிப் போடு என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாளே.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது சொல்லிவிடத்தான் போனான். அம்சம் அவனை முந்திக்கொண்டாள்.

"எம் மேலதாண்ணே தப்பு. மூடியத் தூக்கிட்டு ஒரு மூச்சு நின்னு கைய விடணும்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

அவன் அப்படிச் சொன்னதே இல்லை. தைரியமா கைய விடு என்றுதான் சொன்னான். நடந்ததற்கு ஒரு காரணம் தேடி, அவளாக அதை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். கொண்டுபோன ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அதோடு போயிருந்தால்கூட எங்கேயாவது ஒரு மூலையில் புழுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பான். அம்சம் கை ஆறித் திரும்பி வந்ததும் மில்லில் ஒரு யோசனை செய்தார்கள். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை, புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பாதுகாப்புப் பாடம். பாடம் நடத்த அம்சம். மெஷினை ஓட்டிக் காட்ட இளவழகன். மாட்டேன் என்று சொல்ல அவனிடம் என்ன காரணம் இருந்தது?

பத்து மணிக்குப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அவன் மூடியைத் தூக்குவான், மெஷின் நிற்கும். "பாத்தீங்களா, மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல," என்று அம்சம் தன் கையை உயர்த்திக் காட்டுவாள். "அவசரப்பட்டா இப்படித்தான். எங்க வீட்டுக்காரரு இப்ப என்னை அவசரக்குடுக்கைன்னுதான் கூப்பிடுறாரு. எம் மவகூட, பால் பொங்குனா அவசரக்குடுக்கைன்னு கத்துறா." பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பக்கத்தில் இளவழகன் மூடியைப் பிடித்தபடி நிற்பான், முகத்தில் ஈயாடாது. நாலு வருஷத்தில் ஒரு மாதம் தவறவில்லை.

போன மாதம் சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு கையைத் தூக்கினாள்.

"அக்கா, தூக்குன உடனே நின்னுருச்சே. எவ்வளவு அவசரப்பட்டாலும் அதுக்குள்ள கை எப்படிக்கா போவும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அம்சம் மெஷினைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "அதாம்மா எனக்கும் தெரியல," என்றாள். அன்றைக்குப் பாடம் சீக்கிரம் முடிந்தது. பெண்கள் போன பிறகு அவள் இளவழகனிடம் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு ஒருவேளை மெஷின் நிக்க லேட்டாயிருக்குமோ?"

அந்த முகத்தில் ஒரு ஆசை இருந்தது. தப்பில் ஒரு கால் பங்காவது தன்னுடையது இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்கிற ஆசை. அதைக் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"இல்லம்மா. அன்னைக்கே பத்து தடவ டெஸ்ட் பண்ணமே."

"ஆமா ஆமா. நான்தான்," என்று அவள் போய்விட்டாள்.

காந்தத்தை எடுத்தபோது யோசிக்க நேரமில்லை, பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? நிதானமாக, தெளிந்த புத்தியோடு, அவளை இரண்டாம் தடவை மெஷினுக்குள் தள்ளியிருக்கிறான். அந்த மாதம் முழுக்க அவனுக்கு மெஷின் பக்கத்தில் காதைச் சாய்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. நடவு வயலைத் தாண்டும்போதெல்லாம், சேற்றிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இந்த மாத முதல் திங்கட்கிழமை காலையில் ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்தான். கரண்டு அட்டை கீழே விழுந்தது. "அது எதுக்கு?" என்றாள் செந்தாமரை. "வந்து சொல்றேன்," என்றான்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்சம் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். இளவழகன் குறுக்கே புகுந்து, "கொஞ்சம் இரும்மா," என்றான். பையிலிருந்து காந்தத்தை எடுத்து எல்லாரும் பார்க்க ஸ்விட்சின் மேல் ஒட்டினான். மெஷினை ஓட்டினான். மூடியைத் தூக்கினான்.

மெஷின் நிற்கவில்லை. மூடி முழுசாகத் திறந்து கிடந்தது, உருளை தன்பாட்டுக்குச் சுற்றியது. பெண்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அம்சம் மட்டும் கிட்டே வந்து, குனிந்து அந்தக் காந்தத்தைப் பார்த்தாள். அவன் சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

"அன்னைக்கும் இது இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. நான்தான் வச்சேன். உன்கிட்ட சொல்லல."

"அப்ப நான் அவசரப்படல."

"இல்லம்மா."

"நான் அவசரப்படல," என்று அவள் தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திட்டுவாள், அறைவாள், அழுவாள் என்று அவன் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றான். அவள் எதையும் செய்யவில்லை. "சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. அவருகிட்ட நீங்களே சொல்லணும்," என்றாள்.

மத்தியானம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தான். நாலு வருஷம் கழிச்சு உனக்கு ஏன்யா இந்த வேண்டாத வேலை என்று அவர் சிடுசிடுத்தார். நாளைக்கு வேலை இருக்குமா, போலீசு வருமா, ஒன்றும் தெரியாது. ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அம்சம் வீட்டுக்குப் போனான்.

அவள் புருஷன் முருகையன் வாசலில் விதை நெல் மூட்டையை நனைத்துக்கொண்டிருந்தான். "வாங்க சார், உள்ள வாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஏ அவசரக்குடுக்கை, சாருக்குக் காப்பி போடு." அம்சம் அசையவில்லை. நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "நீங்க சொல்லுங்கண்ணே," என்றாள்.

இளவழகன் தலையைத் தூக்காமல் சொன்னான். ஸ்விட்ச் நகர்ந்தது, மேனேஜர் நிறுத்தக்கூடாது என்றது, காந்தம் வைத்தது, அவளிடம் சொல்லாதது, கையெழுத்துப் போட்டது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. முருகையன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான், மறுபடி துடைத்தான். "நாலு வருஷமா நான்..." என்று ஆரம்பித்தவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

சொல்லியாயிற்று என்று இளவழகன் எழுந்தான்.

"உக்காருங்கண்ணே," என்றாள் அம்சம். "எம் மவ உள்ள இருக்கா. டிவி சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது." உள்பக்கம் திரும்பி, "குந்தவை, டிவிய நிப்பாட்டிட்டு இங்க வா," என்றாள்.

பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண் வந்து அப்பன் பக்கத்தில் நின்றாள். அம்சம் நிலையை விட்டு வந்து இளவழகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப முதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ண விட்டுட்டீங்க பாருங்க. நான் கீழ கிடந்தப்ப, என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி நீங்க மெஷின்லேருந்து எதையோ எடுத்தீங்க. நான் பாத்தேன். மெஷினை நிப்பாட்டுறீங்க போலன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."