மாமாவைப் பனி மறித்த கிழமை

நல்லெண்ணெயில் மிதந்த பச்சை முட்டை தொண்டையில் வழுவழுவென்று இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார் அம்மா. அந்த மணம் எனக்கு இன்றைக்கும் பொறாமையின் மணம்தான். எண்பதுகளில் ஓர் ஓகஸ்ட் குளிர்கால விடுமுறை. ஒக்லாந்திலிருந்து வெகு தெற்கே, தென்தீவின் சமவெளியில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் டொக்டராக இருந்த மாமா வீட்டுக்கு நானும் அண்ணாவும் போவதாக இருந்தது. எனக்குக் கையுறைகூட வாங்கியாயிற்று. புறப்படும் அன்று காலையில் நான் "சாமத்தியப்பட்டேன்".

அண்ணா மட்டும் விமானம் ஏறினான், என் கையுறையையும் எடுத்துக்கொண்டு. பெரியபிள்ளையான நான் மவுண்ட் ஆல்பர்ட் பலகை வீட்டின் பின்னறையில், தனித் தட்டும் தனிக் கோப்பையும் காலையில் அந்த முட்டையுமாக உட்காரவைக்கப்பட்டேன். தாய்மாமன் வந்து தலைக்குத் "தண்ணி வார்க்கும்" சடங்கு வரை வெளியே தலைகாட்டக் கூடாது.

"சனிக்கிழமை மாமா அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வந்திடுவார். அதுவரைக்கும் பொறு பிள்ளை," என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை தெற்கே பனிப்புயல் அடித்தது. காற்றில் மின்கம்பங்கள் சரிந்து, பாதைகள் மூடி, வேலி எது வெளி எது என்று தெரியாமல் சமவெளி முழுவதும் வெள்ளையாகிவிட்டதாம். அதிசயமாகத் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. "அக்கா, கார் புதைஞ்சு போச்சு, எயார்போட்டுக்குப் போக வழியில்லை," என்று மாமா கத்தியது என் அறைவரை கேட்டது. அம்மா வயரை இழுத்து ரிசீவரை என்னிடமும் தந்தார்.

"எடியே, இடுப்பளவு ஸ்னோ! கரண்ட் இல்லை, எல்லாரும் விறகடுப்புக்குப் பக்கத்திலதான் படுக்கிறம். ஆட்டுக்குட்டியளைத் தோண்டித் தோண்டி எடுக்கிறம். நீ என்ன செய்யிறாய்?" என்றான் அண்ணா.

"முட்டை குடிக்கிறன்," என்றேன்.

பிள்ளை குளிருக்குள் கிடக்கிறானே என்று அம்மா தேவாரம் பாட, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் துள்ளி விளையாடுகிற அதே பனிக்காக நான் இன்னும் சில நாள் அறைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும், அதுவும் யன்னலுக்கு வெளியே ஒக்லாந்தின் வெறும் மழையைப் பார்த்துக்கொண்டு!

அடுத்த கிழமை மாமா வந்து தண்ணீர் வார்த்தார். சேலை கட்டி, பூ வைத்து, சடங்கு மணவறையில் இருந்தவள் நான். ஆனால் வந்த மாமிமாரெல்லாம் சூழ்ந்து நின்றது, குளிரில் மூக்குத் தோல் உரிந்துபோய் நின்ற அண்ணாவைத்தான். "பாவம், என்ன பாடுபட்டிட்டான்," என்று அவனுக்கே முதல் பலகாரத் தட்டும் போனது.

மாமா இன்று இல்லை. அந்தப் பலகை வீடும் கைமாறிவிட்டது. என் மகள் பெரியபிள்ளையானபோது யாரும் அவளை அறையில் வைக்கவில்லை, மறுநாளே பள்ளிக்கூடம் போனாள். போன மாதம் பாட்டனி டவுன்ஸில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் புயலைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அப்பிடியே? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையடி," என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரிந்த கம்பங்களையும் புதைந்த காரையும் ஆட்டுக்குட்டிகளையும், எதையுமே பார்க்காத நான்தான் ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறப்பதற்கும் அவனுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.