தம்பிக்கு மட்டும் வாங்கிய மூச்சு

போன ஆடி மாதம், ஒரு மத்தியான வெயிலில் சத்துவாச்சாரியைத் தாண்டி சென்னைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வேலூரில் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்ற தம்பி மனைவியிடமும் அவளுடைய ஏழு வயது மகளிடமும் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவன். பாட்டில் வாங்கினேன். கால் திரும்பவில்லை. எனக்கு அது பழக்கம்தான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஓசூர், திருப்பூர், நெல்லூர் என்று கிடைத்த வேலையைச் செய்வேன், பேஜாரானால் கிளம்பிவிடுவேன்.

தம்பி ஊரிலேயே இருந்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில், தோல் ஊறிச் சுழலும் பெரிய டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடும் வேலை. கடைசி இரண்டு வருடமாக நாலு தோல் இழுத்தால் உட்கார்ந்துவிடுவான். மூச்சு வாங்குகிறது என்பான். பார்க்க ஆள் நன்றாக இருந்ததால் யாரும் நம்பவில்லை. பொங்கலுக்கு வந்த நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு வாங்காத மூச்சு உனக்கு மட்டும் எப்டிடா வாங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் வேலையில் உட்காரவே இல்லையாம். சித்திரையில் டிரம் பக்கத்திலேயே விழுந்தான். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தான், அவ்வளவுதான்.

இதயச் சதை தடித்துப்போகிற வியாதி, பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் பிழை என்றார்கள். எங்களையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். நான் தண்ணீர் வாங்கப் போன அன்றுதான் முடிவு சொன்னார்கள். அதே பிழை எனக்கும் இருந்தது. குழந்தைக்கும் இருந்தது. ஆனால் ஸ்கேனில் என் இதயம் சுத்தமாக இருந்தது. தம்பியிடம் கேட்டதையே டாக்டரம்மாவிடம் கேட்டேன், இந்தத் தடவை கேலி இல்லாமல்.

"பிழை ரெண்டு பேருக்கும் ஒன்னுதான். கூட வேற என்னென்னவோ சேர்ந்துதான் நோயாகுது. ஏன் அவருக்கு வந்தது, உங்களுக்கு வரலைன்னு எங்களுக்கே முழுசா தெரியலைங்க" என்றார். குழந்தையை வருடா வருடம் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் தம்பி மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மகளுடைய பென்சிலை எடுத்தாள்.

"மாமா, நீங்க இன்னா சாப்ட்டீங்க, எந்தத் தண்ணி குடிச்சீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க. இவளையும் அதே மாதிரி வளத்துடறேன்."

என்ன சொல்வது? லாரி ஷெட்டில் தூங்கினேன். பீடி குடித்தேன். பல நாள் டீதான் சாப்பாடு. இதில் எதை அவள் எழுதிக்கொள்வாள்? அதனால்தான் தண்ணீர் வாங்கப் போனேன்.

பாட்டில் கையிலேயே சூடாகிவிட்டது. குடிக்க மனம் வரவில்லை. அது அந்தக் குழந்தைக்கு வாங்கியது. திரும்பி நடந்து பஸ் பிடித்து, பொழுது சாய்வதற்குள் ஆம்பூர் போனேன். பாட்டிலைக் குழந்தையிடம் கொடுத்தேன். அந்தச் சீட்டு அலமாரியில் இருந்தது. 'ஒன்று' என்று மட்டும் போட்டு மீதியை வெறுமனே விட்டிருந்தாள்.

மறுநாள் காலை அதே டேனரிக்குப் போனேன். மேஸ்திரி தம்பி நின்ற இடத்தையே கொடுத்தார். மத்தியானம் வரை இழுத்தேன். ஒவ்வொரு தோலுக்கும் மூச்சு வாங்காதா என்று பார்த்தேன். வாங்கவில்லை. பொங்கலன்று நான் சிரிப்புக்காகக் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்று தெரிந்துகொள்ள என் தம்பி சாக வேண்டியிருந்தது. அந்த டிரம் நிற்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது.