பாவாடை இலாஸ்டிக்கும் லேசர் பெல்ட்டும்

அருப்புக்கோட்டையில் சௌந்தர் நடத்தும் லேசர் கட்டிங் கடைக்கு அமுதவள்ளி வேலைக்குச் சேர்ந்தது, வெட்டி விழும் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டுவதற்காகத்தான். பாலவனத்தத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவாள். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பிழைத்தவர்கள். அவளோ விருதுநகர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் எட்டு வருடம் பாவாடைக்கு இலாஸ்டிக் வைத்துத் தைத்தவள். அதை மூடிவிட்டார்கள், இங்கே வந்துவிட்டாள்.

சௌந்தர் இரண்டு தறிகளை விற்று அந்த மெஷினை வாங்கியிருந்தார். அக்ரிலிக், பலகை, ஜாக்கெட் துணி, எதை வைத்தாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பார்த்து வெட்டித் தள்ளும். “மனுசக் கையே படாதுங்க” என்று கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்வார். அவர் அப்படிச் சொல்கிற நேரத்தில் பெரும்பாலும் அமுதவள்ளி பின்னால் நின்று, மெஷினுக்குள் முழங்கை வரை விட்டுக் கரி துடைத்துக்கொண்டிருப்பாள்.

துடைத்துத் துடைத்தே அதன் உள்விவகாரம் அவளுக்குப் பழகிப்போனது. வெட்டும் தலையை இழுப்பது பல் வைத்த மூன்று ரப்பர் பெல்ட்டுகள். குறுக்கே இழுக்க ஒன்று. தலை ஓடும் குறுக்குச் சட்டத்தை முன்னும் பின்னும் கொண்டுபோக இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் கோடியிலும் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு.

போன வருடம் நெசவாளர் சங்கத்து ஆண்டு விழாவுக்கு இருநூறு வட்டக் கேடயம் கேட்டிருந்தார்கள். மாதிரி பார்க்க வந்த சங்கச் செயலாளர் ஜோதிலிங்கம் ஒன்றை எடுத்து மேசைமேல் உருட்டினார். அது நொண்டி நொண்டிப் போய்க் கீழே விழுந்தது.

“ஏம்ப்பா சௌந்தர், வட்டம் கேட்டா முட்டை போட்டு வச்சிருக்க?”

சௌந்தருக்கு முகம் செத்துப்போயிற்று. கரண்டைக் குறை சொன்னார். கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக ஏற்றினார். மெஷின் மூலையில் எலுமிச்சம்பழம் கட்டினார். வாடிக்கையாளருக்கு விளங்கக் கூடாதென்று, வீட்டில் பேசும் கன்னடத்தில் மெஷினைத் திட்டினார். ஆறு வருடத்தில் அந்தக் கன்னடத்தில் வசவுகள் மட்டும் அமுதவள்ளிக்குத் தெளிவாக விளங்கும்.

“அண்ணே, இடது பெல்ட்டு தொளதொளன்னு கெடக்கு. வலது மட்டும் முன்னாடி ஓடுது, இது பின்னாலயே இழுபடுது.”

“நீ துண்டைப் பொறுக்கு தாயி. இது சாஃப்ட்வேர் சமாச்சாரம்.”

மூன்றாம் நாள் மெஷின் கம்பெனியிலிருந்து ஜெயக்குமார் என்ற இன்ஜினியர் வந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா. பார்த்ததும், “பெல்ட்டு லூசு” என்றார். “நான் அப்பவே நினைச்சேன் சார்” என்றார் சௌந்தர். அமுதவள்ளி துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயக்குமாரின் போனில் ஒரு ஆப் இருந்தது. பெல்ட்டைச் சுண்டிவிட்டால் அது அதிரும் ஓசையைக் கேட்டு எண் காட்டும். சுண்டினார். எண் குறைவு என்றார். இறுக்கினார். மறுபடி சுண்டினார். அதே எண். இன்னும் இறுக்கினார். அப்போதும் அதே எண். பக்கத்து வீட்டில் நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது.

“சார், அது தறிச் சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்லுது போல.”

“ஆப் தப்பாச் சொல்லாதும்மா.”

திருகு சுற்றுவதற்கு இடமில்லாமல் போன பிறகுதான் விட்டார். மெஷினை ஓட்டினால் மோட்டார் கதறியது. கேடயத்தில் ‘சங்கம்’ என்ற எழுத்து பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக வெட்டுப்பட்டது. தொட்டுப் பார்த்தால் மோட்டார் கொதித்தது. “மோட்டார் போச்சு. வர பத்து நாள் ஆகும்” என்று முடித்தார் ஜெயக்குமார். விழாவுக்கு இன்னும் ஐந்து நாள். பேயறைந்தவர் போல் நின்ற சௌந்தர், வந்த ஆளைப் பட்டினி போடக் கூடாதே என்று புரோட்டா கடைக்குக் கூட்டிப்போனார்.

அமுதவள்ளி மெயின் சுவிட்சை அணைத்தாள். மோட்டார் ஆறட்டும் என்று விட்டு, பெல்ட்டுப் பல்லுக்குள் அடைந்திருந்த கரியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்தாள். இரண்டு பக்கத் திருகையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்கினாள். இலாஸ்டிக் வைத்த கைக்கு ஒரு கணக்கு தெரியும். பாவாடை நழுவவும் கூடாது, இடுப்பில் தடம் விழவும் கூடாது. அந்த அளவுக்கு இடதை இறுக்கி விரலால் அழுத்திப் பார்த்தாள். வலதையும் அதே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தாள். மெயினைப் போட்டு, சௌந்தர் ஓட்டுவதைப் பார்த்துப் பழகியபடி ஒரு சதுரம் வெட்டி, எதிரெதிர் மூலைக்கு நூல் பிடித்து அளந்தாள். இரண்டு நீளத்துக்கும் நூலிழை வித்தியாசம். வலதில் கால் சுற்று வைத்தாள். இரண்டாவது சதுரம் சரியாக வந்தது. பிறகு கேடயத்தை ஓடவிட்டாள்.

சாப்பிட்டுத் திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பதினோரு வட்டங்கள் அடுக்கியிருந்தன. சௌந்தர் ஒன்றை உருட்டினார். அது நேராக ஓடி ஜெயக்குமாரின் ஷூவில் முட்டி நின்றது.

“நான் வச்ச செட்டிங்கு. பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்” என்றார் ஜெயக்குமார், குனிந்து அதை எடுத்துக்கொண்டே. அவர் காது மட்டும் சிவந்திருந்தது. “பெரிய கை சார் உங்க கை” என்று சௌந்தர் கும்பிட்டார். அமுதவள்ளிக்குச் சுரீரென்றது. வாயைத் திறந்தாள். இன்னும் நூற்றெண்பத்தொன்பது கேடயம் வெட்டக் கிடந்தது. மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் போன் அடித்தது.

“அக்கா, ஜெயக்குமார் பேசுறேன். இங்க ஒரு கடையில அதே முட்டை. அன்னிக்கு என்ன பண்ணுனீங்க? சௌந்தர் சாருக்குத் தெரிய வேணாம்.”

பாவாடை இலாஸ்டிக் கணக்கைச் சொன்னாள். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது அழைப்பு வந்தது. இன்ஜினியர் ஒருவர் தன்னிடம் யோசனை கேட்கிறார் என்பது அவளுக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து, மதுரையில் மெஷின் கம்பெனி ஒரு நாள் பயிற்சி வைத்தது. “இனியாவது முறையாக் கத்துக்கிட்டு வா” என்று சௌந்தர் அவளை அனுப்பினார். பாடம் எடுத்தவர் ஜெயக்குமார். திரையில் ‘இலாஸ்டிக் முறை’ என்று ஒரு படம் வந்தது; சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பேசிக்கொண்டே வந்தவர் நான்காவது வரிசையில் அமுதவள்ளியைப் பார்த்ததும் தடுமாறினார். இடதை முதலில் இறுக்குவதா வலதையா என்று திணறினார்.

“சரியில்லாத பக்கத்தை மொதல்ல சார்” என்றாள் அவள்.

“கரெக்ட். இந்தம்மா நல்லாக் கவனிக்கிறாங்க. எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். சாயங்காலம் அவர் கையாலேயே சான்றிதழ் வாங்கி பஸ் ஏறினாள். திருமங்கலம் தாண்டும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சௌந்தர் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். துண்டு பொறுக்க வேறு ஆள் வைத்தார். மெஷின் முழுப் பொறுப்பையும் அவளிடமே விட்டார். ஒரே நாளில் மனுஷி எப்படித் தேறிவிட்டாள் என்று வருகிறவர்களிடம் வியந்தார். அவள் திருத்தவில்லை.

மறு வாரம் போன் வந்தது. “அக்கா, சிவகாசியில நிக்கேன். மோட்டார் கொதிக்குது. என்ன செய்ய?”

“சார், நீங்க பாடம் எடுத்ததுதான? நோட்டைப் பாருங்க.”

 பின்னணியில் ஒரு மோட்டார் கதறுவது மட்டும் கேட்டது. அமுதவள்ளிக்கு மனசு கேட்கவில்லை.

“மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க சார்” என்று ஆரம்பித்தாள்.