எல்லார் காலிலும் சலங்கை

போன வாரம் திங்கட்கிழமை காலை. புக்கிட் ரோத்தானில் எங்கள் தாமான் குடியிருப்பின் பாலர்பள்ளி வாசல். மோகன் மோட்டாரை நிறுத்தினார். ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு நேராக டீச்சரிடம் போய், அவன் காலை உயர்த்திக் காட்டினார்.

காலில் கறுப்பு எலாஸ்டிக். அதில் கோத்த சின்னச் சின்னச் சலங்கை மணிகள். பள்ளியிலிருந்து முன்பே வீட்டுக்கு அனுப்பி, கட்டிவிட்டுக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

"டீச்சர், நான் இவனைப் படிக்கத்தான அனுப்பினேன்? நீங்க அரங்கேற்றத்துக்கு ரெடி பண்ற மாதிரி இருக்கே."

பின்னால் நின்ற அப்பாக்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் மூக்குத்தி உண்டா என்று ஒருவர் விசாரித்தார். வசந்தி டீச்சர் தன் சிலுவார்க் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். அவர் காலிலும் சலங்கை! ஒரு ஆட்டு ஆட்டினார் — ஜல்.

அப்பாக்கள் மோட்டாரைக் கிளப்பினார்கள்.

நீ ஏன் அங்கே நின்றாய் என்று கேட்பீர்கள். நான் பாலர்பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரன். வாரத்தில் ஒருநாள் இந்தப் பத்தியில் உங்களிடம் பேசுகிறேன் அல்லவா? புதன்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அவர்கள் உங்களைவிடக் கறார். கதை பிடிக்கவில்லை என்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

சரி, சலங்கை எதற்கு?

ஹரிணிக்காக.

ஹரிணிக்கும் ஐந்து வயதுதான். இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சிக்கும் போய் வருகிறாள். விளையாட்டுக் கட்டைகளை நிறம் பிரித்து அடுக்குவாள் பாருங்கள், அந்த வரிசையில் ஒரு சிவப்பை நீங்கள் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது பழைய இடத்துக்குப் போயிருக்கும். காது நன்றாகக் கேட்கிறது, சோதித்தாயிற்று. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மற்ற பிள்ளைகள் பக்கமும் அவ்வளவாகப் போகமாட்டாள்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்றே ஒன்றுதான் பிரச்சினை. கேட் திறந்திருந்தால் ஓடுவாள். எங்கே என்றெல்லாம் கிடையாது... ஓட்டம். அவ்வளவுதான்.

அவள் அம்மா சுகந்தி தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும்; அதற்குள் பிள்ளையை எங்காவது விட்டாக வேண்டும். கணவருக்கு ஜொகூரில் வேலை. மாதம் இருமுறை வருவார். 'இடமில்லை' என்பதை எத்தனை மரியாதையாகச் சொல்லலாம் என்று தெரிய வேண்டுமா? சுகந்தியிடம் கேளுங்கள். வசந்தி டீச்சரிடம் வருவதற்கு முன் அவர் ஏறி இறங்கிய பாலர்பள்ளிப் படிகள் அப்படி. "உங்க புள்ளைக்கு ஏத்த நல்ல இடமாப் பாருங்க" என்று எல்லாரும் அக்கறையோடு சொன்னார்களாம். அந்த நல்ல இடம் எங்கே இருக்கிறது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.

வசந்தி டீச்சர் சேர்த்துக்கொண்டார். இரண்டு மூன்று மாதம் நன்றாகவே போனது. அப்புறம் ஒருநாள், யாரோ கேட்டைச் சாத்த மறந்த ஒரு கணத்தில், ஹரிணி சாலை வரைக்கும் போய்விட்டாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார். துரத்துகிறார்கள் என்றால் ஹரிணிக்கு அது விளையாட்டு. இன்னும் வேகம் எடுத்தாள். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஒன்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றது. நடுங்கியது அவர்தான்.

அன்றிலிருந்து வசந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டில் உயரமாக ஒரு கொண்டி போட்டார்கள். ஆனால் பாலர்பள்ளிக் கேட் என்ன கோயில் கருவறையா, பூட்டியே வைத்திருக்க? திறந்து திறந்து மூடத்தானே வேண்டும்? இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் அன்று சாயந்திரம் என் வீட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"வேணாம்னு சொல்லல அண்ணே. பயந்துட்டேன். அது வேற, இது வேற லா."

யாராவது இப்படி ஒன்று சொன்னால் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். இதையும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் மனசுக்குள் வைத்து உருட்டினேன். வேறுதான். சொல்கிறவருக்கு வேறு. கேட்கிற அம்மாவுக்கு? பயந்து நிறுத்தினாலும் பிள்ளை வீட்டில்தான், வேண்டாம் என்று நிறுத்தினாலும் வீட்டில்தான். அம்மாவின் வேலையும் போகும்.

சுகந்திதான் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் சமைக்கும்போது பிள்ளை எந்த அறையில் இருக்கிறாள் என்று கொலுசுச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். சத்தம் நின்றாலும் தெரியும், வாசலுக்குப் போனாலும் தெரியும். அதனால் நல்ல சத்தமான மணி வைத்த கொலுசு ஒன்றைக் காலில் போட்டு அனுப்பினார். வேலை செய்தது! டீச்சர் முகத்தில் மறுபடி களை வந்தது.

ஆனால் மனிதர்களுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே. சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா, கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சும்மா தன்பாட்டுக்குச் சொன்னார்: "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்கு."

சுகந்தி பின்னால் நின்று ஹரிணியின் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலில் கொலுசு இல்லை.

வசந்தி டீச்சருக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கிள்ளானுக்குப் போய் ஒரு பை நிறையச் சலங்கை மணி வாங்கி வந்தார். உதவிக்கு இருக்கும் மாலாவையும் உட்கார வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கோத்தார். எதற்கு இத்தனை என்றேன்.

"எல்லாரும் கட்டிக்கட்டும் அண்ணே. அப்பறம் மாடு யாருன்னு சொல்லட்டும், பாப்போம்."

அந்தத் திங்கட்கிழமைதான் மோகன் வந்து காலைத் தூக்கிக் காட்டியது.

அன்று பாலர்பள்ளி இருந்த கோலத்தைக் கேட்க வேண்டுமே! ஓடினால் ஜல், உட்கார்ந்தால் ஜல், ஒருவன் மூக்கைச் சொறிந்தால்கூட எப்படியோ ஜல். என் வீட்டுப் பூனை அலமாரி மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பத்து மணி இருக்கும், டீச்சர் வேலியோரம் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி.

"அண்ணே... எல்லாருக்கும் கட்டிட்டேனே. இப்ப ஹரிணி சத்தம் எது?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். மூளையுள்ள எவனும் செய்யமாட்டான் இப்படி ஒரு தப்பை. மனசு மட்டும் போய் முன்னால் நின்றால்தான் இது நடக்கும்.

கழற்றிவிடலாம் என்றால் பிள்ளைகள் விட்டால்தானே? மோகனின் மகன் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டேன் என்று அழுதிருக்கிறான். சரி, வெள்ளிக்கிழமை வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஹரிணியைப் பார்த்துக்கொள்ள மறுபடி கண்ணையே நம்ப வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். முன்வராந்தாவின் இரும்புக் கம்பி ஓரம் வரிசையாக நின்று, எல்லாரும் சேர்ந்து தரையில் உதைப்பது. அவ்வளவுதான் விளையாட்டு. அப்படி உதைத்தால் ஹரிணி எங்கிருந்தாலும் வந்துவிடுவாளாம். வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போவாளாம். மாலா இதைச் சொன்னபோது, அட அழகாயிருக்கிறதே என்றோம். அத்தோடு மறந்தோம்.

புதன்கிழமை. என் கதை நேரம். கோலசிலாங்கூர் ஆற்றில் ஒரு முதலைக்குப் பல்வலி. பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஒரு மணி அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து லாவண்யா.

எல்லாப் பாலர்பள்ளியிலும் ஒரு புகார்ப் பெட்டி இருக்கும். இங்கே அது லாவண்யா. டீச்சர், அவன் பென்சிலைக் கடிக்கிறான். டீச்சர், இவள் என் தண்ணீரைப் பார்க்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளை.

"அங்கிள், ஹரிணி போறா."

இரும்மா, முதலைக்குப் பல் பிடுங்கப் போறாங்க என்றேன்.

"மணி வெளிய போகுது அங்கிள்."

பார்த்தேன். ஹரிணி உட்கார்ந்திருந்த இடம் காலி. சமையலுக்குக் கேஸ் சிலிண்டர்த் தோம்பு கொண்டுவந்தவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்கட்டுக்குத் தோம்பை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசல் ஆவென்று திறந்து கிடக்கிறது. ஹரிணி அதைத் தாண்டிப் புல்தரையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் புல் முடிந்தால் சாலை.

நான் கத்தினேன். டீச்சர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கேட் வரை வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். துரத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். துரத்தாமல் நிற்கவும் முடியவில்லை. ஹரிணி, ஹரிணி என்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். பெயருக்கு அவள் என்றைக்குத் திரும்பியிருக்கிறாள்? வளைவில் ஒரு லோரிச் சத்தம் வேறு.

எங்களுக்குப் பின்னால் — ஜல்.

லாவண்யா. கம்பி ஓரம் நின்று உதைக்கிறாள். பக்கத்தில் இன்னொருவன். அப்புறம் எல்லாரும். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. வராந்தாவே அதிர்கிற மாதிரி ஒரே சலங்கைச் சத்தம்.

ஹரிணி நின்றாள்.

திரும்பினாள். எங்கள் முகத்தையெல்லாம் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். புறப்பட்ட அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்து, எங்கள் இருவரையும் தாண்டி, கம்பி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் காலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

லோரி போயிற்று. டீச்சர் கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, அதன்மேலேயே சாய்ந்துகொண்டார். காலித் தோம்போடு திரும்பி வந்த கேஸ்காரர், இங்கே டான்ஸ் கிளாஸும் எடுக்கிறீர்களா என்று கேட்டார். லாவண்யா டீச்சரிடம் வந்தாள்.

"டீச்சர், அங்கிள் நான் சொன்னத கேக்கல."

உண்மைதான். அந்தப் புகார் நிற்கும்.

ஹரிணி இனி எப்போதும் சலங்கைக்குத் திரும்புவாள் என்று நான் சொல்லவரவில்லை. டீச்சரும் அதை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. தானாகச் சாத்திக்கொள்ளும் கேட் இந்த வாரம் போட்டாயிற்று. கேஸ்காரர் இனி மணியடித்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். ஆனால் ஒன்று. அந்தப் பிள்ளையை எப்படிப் பிடித்து வைப்பது என்றே பெரியவர்கள் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். எதற்கு வருவாள் என்று பிள்ளைகள் பார்த்து வைத்திருக்கிறார்கள். கூட விளையாடுகிறவர்களுக்குத்தானே அது தெரியும்?

சாயந்திரம் சுகந்தி வந்தார். வசந்தி டீச்சர் எதையும் மறைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னார். கேட் திறந்திருந்தது, ஹரிணி வெளியே போய்விட்டாள் என்கிற இடம் வந்ததுமே சுகந்தி கேட்பதை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. சுவரோரம் வரிசையாகக் கொக்கிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் மாற்றுத்துணிப் பைகள் அங்கே தொங்கும்; வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குப் போகும். அன்று புதன். சுகந்தி நேராகப் போய் ஹரிணியின் பையை எடுத்தார். தண்ணீர்ப் போத்தலை உள்ளே வைத்தார். ஜிப்பை இழுத்தார். அழவெல்லாம் இல்லை. 'இடமில்லை' என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

"பரவால்ல டீச்சர். இவ்ளோ நாள் வச்சிருந்தீங்களே."

வசந்தி டீச்சர் அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கினார்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலம்மா. மொதல்ல பேக் எடத்துல இருக்கட்டும்."

மாட்டினார். அப்புறம்தான் மீதியைச் சொன்னார். சுகந்தி பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்து கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று முகத்துக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் செய்தார்.

பிள்ளைகளை வித்தியாசம் பார்க்காமல் சேர்த்துக்கொள்வது பற்றிப் பெரிய பெரிய கூட்டங்களில் பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லதுதான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் — பை கொக்கியில் தொங்குகிறதா?