அணைக்கரைப் பாதையில் முன்னால் நான், பின்னால் பதினைந்து பேர்

காட்டில் வழிகாட்டியாக இருப்பதற்குக் கால் பலம் சுமாராக இருந்தால் போதும், காதுதான் இரும்பில் இருக்க வேண்டும்.

பாபநாசத்துக்கு மேலே, மலைக்குள் இருக்கும் ஓர் அணையின் கரையை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. பாதி தூரம் காடு, பாதி தூரம் தண்ணீர்க் கரை. காலையில் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் அதே பதினைந்து பேரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. இதற்கு முன்னால் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். "சேலை மாடியில, நைட்டி கீழ" என்று ஆறு வருஷம் வழிகாட்டிய தைரியத்தில்தான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். நான் வரிசைக்கு முன்னால் நடப்பேன். கடைசியில் இசக்கிமுத்து அண்ணாச்சி வருவார். இந்த மலையிலேயே பிறந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் பாதி "பைய வாங்க".

சொந்தக்காரர்களை ஒரு வேனில் அடைத்துக் குற்றாலம் கூட்டிப்போய் வந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். நான் இனிமேல் சொல்வதற்கு அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மரம் பார்க்க வந்தவர்

வள்ளியூரிலிருந்து பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. பத்தடிக்கு ஒரு தரம் "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்பார். நான் "அரை மணி நேரம் அண்ணாச்சி" என்பேன். எந்த இடத்தில் நின்று கேட்டாலும் அரை மணி நேரம்தான். உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

பாதையில் ஓரிடத்தில் பிரம்மாண்டமான ஒரு மரம் நிற்கிறது. எட்டுப் பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது. அங்கே வந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இது எத்தனை தலைமுறை பார்த்த மரம் என்று உருக்கமாக ஆரம்பிப்பேன். அண்ணாச்சி தூக்கைக் கீழே வைத்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடையில் குடத்தைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மரம் சரிதான். இவ்வளவு தூரம் நடக்க வச்சிருக்கியளே, வேற ஒண்ணும் வைக்கலையா?"

துபாய் ரத்தம்

மழை முடிந்த சமயத்தில் அட்டை நிறைய இருக்கும். அப்படி ஒரு வாரத்தில் மேலப்பாளையத்திலிருந்து ஓர் உம்மாவும் மகனும் வந்தார்கள். மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். முழங்கால் வரைக்கும் பூட்ஸ், அட்டைக்கென்றே தனி சாக்ஸ், கையில் ஏதோ வெளிநாட்டு ஸ்ப்ரே. வழி நெடுக அந்த ஸ்ப்ரேயின் மகிமையை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தான். உம்மா காலில் ரப்பர் செருப்பு. பீடி சுற்றுகிற வீடு என்பதால் புகையிலைத் தூளைத் துணியில் முடிந்து, நனைத்து, இரண்டு கணுக்காலிலும் கட்டியிருந்தார். மகனுக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கொஞ்சம் தள்ளியே நடந்தான்.

பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான் பாருங்கள், பதினோரு அட்டை. சில அட்டைகள் குடித்து முடித்துத் தூக்கத்திலேயே இருந்தன. அவன் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரம் மாறின. நான் உப்புப் பொட்டலத்தோடு ஓடினேன். உம்மா தன் காலைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. மகன் பக்கத்தில் வந்து குனிந்து, நிதானமாக ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எதுக்கு வாப்பா கத்துதே? ஏசிக்குள்ளயே இருந்த ரத்தம்லா, குடிக்க ஜில்லுனு இருக்கும்னு வந்திருக்கு."

விடுபட்ட எழுத்து

பாதை ஒரு மூங்கில் காட்டை ஒட்டித் திரும்பும் இடத்தில் 'யானை கூட்டம் நடமாடும் பகுதி' என்று ஒரு பலகை இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா.

"ஏம்மா, இதுல 'க்' எங்க?"

எனக்குப் புரியவில்லை. "யானைக் கூட்டம்னுல்லா இருக்கணும்? பிள்ளைங்க பார்த்தா இதையே படிச்சுக்கிட்டுப் போகும்" என்று தடிமனான பேனாவாகப் பார்த்து எடுத்தார். அப்போது மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. வரிசைக்குக் கடைசியில் இருந்து ஒரு நாளும் நகராத இசக்கிமுத்து அண்ணாச்சி விறுவிறுவென்று முன்னால் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மற்ற எல்லாரையும் ஓடைப் பக்கம் இறக்கிவிட்டேன். மூங்கிலுக்கு மேலே ஒரு முதுகு நகர்வது தெரிந்தது. வாத்தியார் மட்டும் எழுத்துக்கு இடம் போதுமா என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி பலகைக்கும் பேனாவுக்கும் நடுவில் போய் நின்றார்.

"சார், 'க்' இல்லாட்டியும் அது யானைதான். பைய இறங்குங்க."

வண்டல்

இதை மட்டும் என்னால் முழுசாகச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

கோடையில் அணையில் தண்ணீர் இறங்கிவிடும். கரையோரம் வண்டல் காய்ந்து, வெடித்து, நல்ல தரை மாதிரி தெரியும். அடியில் களி. அது தெரியத்தான் கரையோரம் கொடிக்கம்பு நட்டிருக்கிறது. "கொடிக்கம்பைத் தாண்டாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னேன், மூன்றாம் தரம் விசிலும் ஊதினேன். கல்யாணமாகி ஒரு மாதமான ஜோடி ஒன்று வந்திருந்தது. ஓர் அம்மாவுக்குச் செருப்பு வார் அறுந்துபோய், நான் குனிந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளை செல்ஃபி எடுக்கக் கம்பைத் தாண்டிவிட்டார். பொண்ணு அலறிய சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவர் முழங்கால் வரைக்கும் உள்ளே. ஒரு காலை உருவப் பார்த்தார், மற்றக் கால் தொடை வரைக்கும் போனது. நான் ஓடினேன். நாலாவது எட்டில் என் காலும் புதைந்தது, உருவிக்கொண்டு பின்வாங்கினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. 'ஒரு ஆள் குறையப் போகுது' என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அன்று உவரிப் பக்கத்திலிருந்து அந்தோணி என்று ஒரு மீனவரும் வந்திருந்தார். காலையிலிருந்தே எங்கள் அணையைக் கேலி செய்துகொண்டு வந்தவர். "அலை இல்லாத தண்ணியப் பார்க்கவா தங்கச்சி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி, ஆடாதே! மல்லாக்கச் சாயி. மெத்தைன்னு நெனச்சுப் படு." அடுத்து எங்கள் பக்கம் திரும்பி, இருக்கிற துப்பட்டாவையெல்லாம் கேட்டார். கண்மூடித் திறப்பதற்குள் நாலு துப்பட்டாவும் இசக்கிமுத்து அண்ணாச்சியின் துண்டும் ஒரே கயிறாகிவிட்டன. அண்ணாச்சி கிளைகளை வெட்டிப் போட்டார். அவற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், அந்தோணி அண்ணன் மாப்பிள்ளையின் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கோத்தார். "வெடுக்குனு இழுக்காதிய, வலை இழுக்க மாதிரி எல்லாரும் சேர்ந்து பைய இழுங்க" என்றார். பாத்திரம்கூடக் கழுவாத கைகள், மவுஸ் மட்டுமே பிடித்த கைகள், எல்லாம் சேர்ந்து இழுத்தோம். அரை மணி நேரம். இந்தத் தடவை நிஜமாகவே அரை மணி நேரம்.

ஒரு ஷூவை உள்ளே விட்டுவிட்டு மாப்பிள்ளை கரைக்கு வந்தார். செல்போனை மட்டும் கடைசி வரைக்கும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பொண்ணு அவரை நாலு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதது. நான் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டில் மூடி எந்தப் பக்கம் திருகினாலும் திறக்கவில்லை. நாளைக்கே ஜவுளிக்கடைக்குப் போய் நின்றுவிடலாம் என்று தோன்றியது. தலை முதல் கால் வரை சேறாக அந்தோணி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாட்டிலை வாங்கித் திறந்து என்னிடமே கொடுத்தார். பிறகு அணையைக் கைகாட்டினார்.

"கடல்ல இழுத்தா மீனு வரும் தங்கச்சி. உங்க தண்ணியில மாப்பிள்ளைலா வருது!"

வீரர்

நான் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் கொடிக்கம்புகளுக்கு நடுவே கயிறு கட்டச் சொல்லிக் கேட்டேன், கட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே மாப்பிள்ளை, கூட வேலை பார்க்கிறவர்கள் ஆறு பேரோடு வந்து இறங்கினார். மனைவியைக் கூட்டி வரவில்லை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார், அந்தக் கும்பிடில் ஒரு வேண்டுகோள் இருந்தது. என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வண்டலுக்கு வந்ததும், நான் எச்சரிக்கையை ஆரம்பிக்கும் முன்னே அவரே கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். பேச்சில் அப்படி ஓர் அக்கறை. நான் இசக்கிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன், அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கயித்தைத் தாண்டிராதிய. இங்கனதான் ஒரு கூமுட்டை செல்ஃபி எடுக்கப் போயி மாட்டிக்கிட்டான், நான் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா அவன் கதை முடிஞ்சிருக்கும்."

மொத்தத்தில், காட்டைக் காட்டுவதாகச் சொல்லி மனுஷங்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளமும் கொடுத்து, மழைக்காலத்தில் லீவும் விடுகிற வேலை வேறு எங்காவது இருந்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.