ஸவாஹிர் நானாவின் நெற்றித் தழும்பு

மழைக்காலத்திலும் எங்கள் கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசலில், கண் தெரியாத முதியவர் மீரா சாஹிப் அப்பாவின் மர மிதியடி ஒருநாளும் நனைந்ததில்லை. தொழுதுவிட்டு அவர் கால் வைக்கும் இடத்தில், கூரைக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி அது காத்திருக்கும். வைப்பது யாரென்று ஊருக்குத் தெரியாது. ஒருநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நான் பிந்திப் போனதால் கண்டுகொண்டேன். ஸவாஹிர் நானா குனிந்து அதை நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிள்ளைபோல வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்.

நானாவுக்குப் புடைவைக் கடை. பக்கத்திலேயே நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். அவர் நெற்றி நடுவில் கறுத்த தழும்பு ஒன்று இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் கடை திறக்கும்போது கதவுப் பலகை நழுவி விழுந்த காயம் அது. வந்தது இரண்டு சொட்டு இரத்தம்தான். ஆனால் காலமெல்லாம் தலை தரையில் பட ஸுஜூது செய்கிறவர்களுக்கு நெற்றி காய்த்துப்போகும் இடமும் அதுவே. காயம் பட்டதைக் காணாதவர்கள் தொழுகைத் தழும்பென்றே நம்பினார்கள். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால், ஓதி ஊதச் சொல்லித் தண்ணீர்க் கோப்பையோடு வருவார்கள்.

"இது பலக வுழுந்த காயம்" என்பார் நானா.

"பாத்தீங்களா பணிவ!" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இங்கிலாந்து ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் பள்ளிவாசலுக்குப் புது டிரஸ்டி தேவைப்பட்டது. எல்லோரும் அவர் பெயரையே சொன்னார்கள். நானாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பலகைக்கா ஷரீப் இந்த மரியாத? நாளைக்கி மஹ்ஷர்ல அல்லாஹ் கேட்டா என்ன சொல்ற?" என்றார் என்னிடம். தெரிவு நடக்குமுன் தழும்பை அழித்துவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

எலுமிச்சம்புளி பூசினார். சந்தனம் பூசினார். அவர் மனைவி ஹபீலா மச்சி படிகாரத்தால் தேய்த்துவிட்டார். தழும்போ முன்னிலும் கறுத்து மினுங்கியது.

"இப்பதான் அவுலியா மாதிரியே ஈக்குறீங்க" என்று மகானைக் கண்டவர்போல் கைகட்டி நின்று மச்சி சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

கடைசியில், டிஸ்பென்சரி வைத்திருந்த ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் கண்ணாடியை உயர்த்திவிட்டு, பெருவிரலால் தழும்பை அமர்த்திப் பார்த்தார்.

"ஏழு வருஷத் தழும்பு. கண்டதையும் பூசிக் கெடுத்துப்போட்டியள். தேங்காயெண்ணெய் தொட்டு மெல்ல நீவுங்கோ. வெயில் படக்கூடாது. முக்கியமா, அந்த இடம் ஒண்டிலயும் உரசக்கூடாது."

"ஒரு நாளைக்கி அஞ்சு நேரம் பாயில உரசுமே, ஐயா."

ஸ்ரனிஸ்லாஸ் ஐயா திறந்த போத்தலை மூடிவிட்டார். "அப்ப என்னட்ட மருந்தில்லை. காயம் பலகை தந்ததுதான். மாறவிடாமல் வச்சிருக்கிறது உங்கட தொழுகை."

திரும்பி வரும்போது துறைமுகத்துக் காற்று வீசியது. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. நானா தன் நெற்றியை வேறு யாருடையதோபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். தெரு முழுவதும் ஒரு கனவுக்குள் நடப்பதுபோல எனக்கிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, டிரஸ்டித் தெரிவுக்காகக் கூடியிருந்தவர்கள் நடுவே அவர் எழுந்தார். "அல்லாஹ் மேல ஆணையா, இது கடப் பலக பட்டது. இதப் பாத்து என்னத் தெரிவுசெய்ய வேணாம்" என்றார்.

மூலையிலிருந்து மீரா சாஹிப் அப்பா இருமினார். "ஒருத்தர்ட நெத்தியும் எனக்குத் தெரியா. என்ட மிதியடிய எடுத்து வைக்கிற ஆள்ட காலடிச் சத்தம் தெரியும். அவர் இப்பதான் கதச்சார்."

நானா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு டிரஸ்டி பதவியை மறுக்கவில்லை.

ஒரு வருஷம் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டார். அடுத்த ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். மக்காவில் காய்ச்சல் கண்டு அங்கேயே அடக்கமானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

கப்பலேறிய அன்று துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஷரீப், நெத்தியப் பத்தி யாரும் கேட்டா பலகைண்டே சொல்லு. மழ வந்தா மிதியடிய மறந்துடாத."