இரவல் கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். பகல் முழுக்க ஊரார் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பவளுக்குப் பேயோடு என்ன வேலை?

என் கணவரும் அப்படி என்னிடம் வந்தவர்தான். லிஃப்ட் மெக்கானிக். இடது கை லிஃப்ட் கதவில் நசுங்கியிருந்தது. மற்ற விரல்களைச் சரி செய்துவிட்டேன். மோதிர விரல் மட்டும் மடங்கவே இல்லை. கடைசியில் அந்தக் கையையே பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். மடங்காத அந்த விரல் என் மணிக்கட்டில் குத்தும். குத்தினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். காக்டெய்ல் குடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து மேஜிக் பார்க்கிற ஒரு சின்ன அரங்கத்துக்குப் போனோம். படி இறங்கிப் போனால் ஒரே ஒரு அரைவட்ட மேசை, சுற்றிப் பத்து நாற்காலி. மேஜிக்காரருக்கு நேர் எதிரே எங்களுக்கு இடம். கண் முன்னாலேயே சீட்டுக்கட்டு. இனி ஏமாற்ற முடியாது என்று இவருக்கு ஒரே குஷி.

மேஜிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சீட்டைக் கலைப்பது, நாணயத்தை மறைப்பது, எல்லாமே வலது கையால்தான். இடது கை கோட்டுப் பாக்கெட்டை விட்டு வரவில்லை. தொழில் புத்தி... என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

மணி ஒன்பதே முக்கால். அவர் என் கணவரைப் பார்த்தார்.

"சார், உங்க இடது கையைக் கொஞ்சம் இரவல் குடுங்க."

"திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை.

இவர் கையை மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு கறுப்புத் துணி விழுந்தது. வழியில் இருந்த காக்டெய்ல் கிளாஸை நகர்த்த, மேஜிக்காரரின் இடது கை முதல்முறையாக வெளியே வந்தது. ஐஸ் போட்ட கிளாஸ். வெளியே முழுக்க வேர்த்திருந்தது. நகர்த்திவிட்டு விரல்களை எடுத்தார்.

அந்த ஈரத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

அந்தக் கை துணிக்கு அடியில் நுழைந்தது. துணியில் இரண்டு மேடு தெரிந்தது.

பிறகு... ஒரே மேடு.

"என்னங்க, கையை எடுங்க," என்றேன்.

"சும்மா இரு. ஜில்லுன்னு இருக்கு, அவ்ளோதான்."

துணி போனது. இவர் கை அங்கேயே இருந்தது. கைக்கு அடியில் ஒரு நாணயம், இவருக்கே பரிசு. எல்லோரும் கைதட்டினார்கள். மேஜிக்காரரின் கோட்டுக் கை மறுபடி பாக்கெட்டுக்குள் இருந்தது. அது உள்ளே போனதை நான் பார்க்கவில்லை.

டாக்சியில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குத்தவில்லை.

மோதிர விரல் மடங்கியிருந்தது. முழுசாக.

"பாத்தியா, உன்னால முடியாததை அவர் பண்ணிட்டாரு," என்று கேலி செய்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. அந்தக் கை வீடு வரும்வரை சூடேறவே இல்லை.

நடு ராத்திரி. ஏதோ சத்தம்.

டிக்... டிக்... டிக்...

விளக்கைப் போட்டேன். இவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இடது கை தூங்கவில்லை.

அந்த நாணயத்தை விரல் முட்டிகளின் மேல் உருட்டிக்கொண்டிருந்தது. போகும்... வரும்... கட்டில் சட்டத்தில் தட்டும்.

டிக்...

சட்டைப் பொத்தான் போடவே என்னைக் கூப்பிடுகிற மனிதர்.

மூன்றாம் நாள் அரங்கத்துக்குப் போன் செய்து மேனேஜரைப் பிடித்தேன். நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லி, மேஜிக்காரரின் இடது கையைப் பற்றிக் கேட்டேன்.

"இடது கையா? அவருக்கு முழங்கைக்குக் கீழ கையே கிடையாது மேடம். வெறும் கோட்டுக் கையைப் பாக்கெட்டோட சேத்துத் தெச்சிருக்கோம். ஒத்தைக் கையால பண்றதுதான் அவர் ஷோவே."

மேனேஜரே தொடர்ந்தார்.

"நீங்க கைக்குப் பாக்கறவங்கன்னு சொன்னது நல்லதாப் போச்சு. நீங்க வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து அவர் வேலைக்கே வரல. இல்லாத கை வலிக்குதுங்கறாரு."

கை போனவர்களுக்கு அப்படி வலிப்பது உண்டு. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த விஷயம் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எந்த இடத்துல வலிக்குதாம்?"

"மோதிர விரல் மேடம். மடக்கவே முடியலையாம்."

நான் சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி அந்தக் கை என் கையைத் தேடி வருகிறது. இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

குத்துவதே இல்லை.